தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வகுப்பறைக்கு: புதிய செவிலியப் பயிற்றுநருக்கு ஒரு வழிகாட்டி

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழு ஆண்டுகள் பணியாற்றிய பிறகே மாணவியரைப் பொறுப்பேற்கும் வாய்ப்பு எனக்கு முதன்முதலாக வந்தது. அந்த வாரத்தில் ஒரு நாள், வென்டிலேட்டரில் இருந்த நோயாளி ஒருவரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, எந்த அலாரமும் ஒலிப்பதற்கு முன்பே நான் கையுறையை மாட்டிக்கொண்டு அவருடைய சுவாசக் குழாயிலிருந்து சளியை உறிஞ்சி எடுத்தேன். அருகில் நின்ற மூன்றாம் ஆண்டு மாணவி, "சளி அடைக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது, மேடம்?" என்று கேட்டார். "போகப் போகத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். அன்றிரவு வீட்டில் அதையே நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், மார்பின் ஏற்ற இறக்கம் குறைந்திருந்ததும், குழாயில் மெல்லிய கரகரப்பு எழுந்ததும், வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும் உச்ச அழுத்தம் 22-இலிருந்து 30-க்கு ஏறியிருந்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அலாரம் 40-இல் வைக்கப்பட்டிருந்ததால் அது ஒலிக்கவில்லை. இவை அனைத்தையும் என் கண்ணும் காதும் கவனித்திருந்தன. ஆனால் மாணவிக்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல்கூட இருக்கவில்லை.

பயிற்றுநர் வேலையின் பெரும்பகுதி, கை ஏற்கெனவே அறிந்திருப்பதை வாயால் சொல்லப் பழகுவதுதான். நல்ல செவிலியர்கள் பலர் கற்பிக்க வந்து திணறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. அறிவு அவர்களுக்குள் சொல்லற்றுப் படிந்திருப்பதே காரணம். தமிழ்நாட்டில் தீவிர சிகிச்சைச் செவிலியராக இருந்துகொண்டு கற்பித்தலுக்கு வர விரும்புவோருக்காகவும், மருத்துவமனையின் பயிற்சித் துறையிலோ நர்சிங் கல்லூரியிலோ புதிதாகச் சேர்ந்திருப்போருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் படி: படுக்கையருகில் போதிய காலம் இருங்கள்

செவிலியரின் திறன் ஐந்து நிலைகளில் வளர்வதாக அமெரிக்கச் செவிலிய அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் விளக்கினார். புதியவர், முன்னேறிய தொடக்கநிலையாளர், தகுதியாளர், தேர்ச்சியாளர், வல்லுநர் என்பவை அந்நிலைகள். ஒரே வகையான பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த பிறகே தகுதியாளர் நிலை வருகிறது என்பது அவருடைய கணிப்பு. என் அனுபவமும் ஏறக்குறைய அதுதான். மூன்று ஆண்டுக்கு முன்னதாகக் கற்பிக்க வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வந்தால், மாணவியர் கேட்கும் கேள்விகளுக்குப் புத்தகத்திலிருந்து மட்டுமே பதில் சொல்ல வேண்டியிருக்கும். வல்லுநர் விதிகளை நினைத்துப் பார்க்காமலேயே நிலைமையை முழுதாக உணர்ந்து செயல்படுகிறார் என்பதும் பென்னர் சொன்னதே. அவ்வாறு செயல்படுபவர் அதை விளக்கத் தனியாகப் பயில வேண்டியிருப்பதில் வியப்பில்லை.

இந்த ஆண்டுகளில் எல்லா வகை நோயாளிகளையும் கவனியுங்கள். இதய அறுவைக்குப் பிந்தைய பிரிவில் மட்டும் இருந்தவருக்குப் பூச்சிக்கொல்லி குடித்து வந்தவரின் பராமரிப்பு தெரியாமல் போகலாம். தமிழ்நாட்டின் மாவட்ட மருத்துவமனைகளிலோ பாம்புக்கடியும் நஞ்சும் அன்றாடம் வருபவை. ஒரு சிறிய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, டியூட்டி முடிந்ததும் அன்றைய நோயாளிகளில் ஒருவரைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுங்கள்: என்ன கண்டேன், என்ன நினைத்தேன், என்ன செய்தேன், பிறகு என்ன ஆயிற்று. பெயரும் மருத்துவமனை எண்ணும் அதில் இருக்கக் கூடாது. பின்னாளில் உங்கள் வகுப்புகளுக்கு இதைவிடச் சிறந்த மூலப்பொருள் எங்கும் கிடைக்காது.

இரண்டாம் படி: தகுதிப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்தவரும், மூன்று ஆண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், தாதியம்) பட்டயத்துக்குப் பின் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தவரும் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. நர்சிங்குக்குப் போகலாம். மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவும் ஓராண்டுப் பணி அனுபவமும் அதற்குத் தேவை. கல்லூரி ஆசிரியராக நிலைத்து உயர விரும்புவோருக்கு எம்.எஸ்சி. இன்றியமையாதது, தீவிர சிகிச்சையில் நாட்டம் உள்ளவர்கள் பெரும்பாலும் மருத்துவ அறுவைச் செவிலியப் பிரிவை எடுத்து அதற்குள் தீவிர சிகிச்சையை உட்பிரிவாகக் கொள்வார்கள்.

இதற்கு மாற்றாக, தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதல் மருத்துவப் பொறுப்பு ஏற்கப் பயின்ற செவிலியர்) என்னும் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பையும் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ளது. அது உறைவிடப் பயிற்சி முறையிலானது. வகுப்பு நேரம் குறைவு, நோயாளியருகில் செலவிடும் நேரம் மிக அதிகம். மேலும், தீவிர சிகிச்சைச் செவிலியத்தில் ஓராண்டு பட்டயமும் உண்டு. மருத்துவமனைக்குள்ளேயே பயிற்றுநராக இருக்க விரும்பி, இரண்டு ஆண்டு வேலையை விட்டுப் படிக்க இயலாத குடும்பச் சூழலில் இருப்போருக்கு அந்தப் பட்டயம் நல்ல தொடக்கம். எந்த வழியில் போனாலும், கூடுதல் தகுதியைத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய மறவாதீர்கள். சேர்வதற்கு முன்பே கல்லூரியின் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள். பணம் கட்டிய பிறகு சரிபார்ப்பதால் பயனில்லை.

மூன்றாம் படி: ஒரு திறனைப் பிரித்து எழுதிப் பாருங்கள்

முதல் வகுப்பை எடுப்பதற்கு முன் இந்தப் பயிற்சியைக் கட்டாயம் செய்யுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதன் ஒவ்வோர் அசைவையும், அதற்கான காரணத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். சளி உறிஞ்சுவதையே எடுத்துக்கொள்வோம்.

எப்போது செய்ய வேண்டும் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். மணிக்கணக்கு வைத்துச் செய்வதில்லை. கரகரப்பு, அழுத்த உயர்வு, ஆக்சிஜன் செறிவுக் குறைவு போன்ற அறிகுறி இருந்தால்தான் செய்கிறோம். அடுத்து, எந்த அளவுக் கத்தீட்டர் (சளியை உறிஞ்சும் மெல்லிய குழாய்) என்பது. அது சுவாசக் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது என்பதால், சுவாசக் குழாயின் எண்ணிலிருந்து இரண்டைக் கழித்து இரண்டால் பெருக்குகிறோம். 8 எண் குழாய்க்கு 12 பிரெஞ்சு (கத்தீட்டரின் தடிமனுக்கான அளவு), 7 எண் குழாய்க்கு 10 பிரெஞ்சு. பிறகு, உறிஞ்சுவதற்கு முன் 100 சதவீத ஆக்சிஜன். உள்ளே செலுத்தும்போது உறிஞ்சு விசை இருக்கக் கூடாது. வெளியே இழுக்கும்போது மட்டும் இருக்க வேண்டும். முழுச் செயலும் 15 விநாடிக்குள் முடிய வேண்டும். கண் மானிட்டரில் இருக்க வேண்டும், ஏனெனில் கத்தீட்டர் தொடும்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு திடீரெனக் குறையலாம்.

எழுதி முடித்த தாளை, இந்த வேலையை அறியாத ஒருவரிடம் கொடுத்து, அதில் உள்ளபடி மட்டும் பயிற்சிப் பொம்மையில் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கே நீங்கள் எதையோ எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். நான் முதன்முதலில் எழுதியபோது, கையுறை மாட்டும் முன் உறிஞ்சு கருவியை இயக்கிப் பார்க்க வேண்டும் என்பதையே விட்டிருந்தேன். எத்தனையோ ஆயிரம் முறை செய்த வேலை அது.

நான்காம் படி: பாடத்திட்டம்

நர்சிங் கல்லூரிகளில் பாடத்திட்டத்துக்குக் கட்டங்கள் நிறைந்த ஒரு படிவம் உண்டு: நேரம், குறிப்பிட்ட நோக்கம், பாடப்பொருள், ஆசிரியர் மாணவர் செயல்பாடு, துணைக்கருவி, மதிப்பீடு. புதியவர்கள் பாடப்பொருள் கட்டத்தை நிரப்புவதில் நாளெல்லாம் செலவிட்டுவிட்டு, நோக்கத்தைப் பழைய படிவத்திலிருந்து நகலெடுத்து விடுகிறார்கள். நோக்கத்தையே முதலில் எழுதுங்கள். "தமனி இரத்த வாயுப் பரிசோதனையைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் அதை அளக்க வழியில்லை. "பி.எச். 7.28, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 58, பைகார்பனேட் 26 என்று அறிக்கை வந்தால், அது சுவாச அமிலத்தன்மை என்று கூறி, உடனே பார்க்க வேண்டிய மூன்றைச் சொல்வார்" என்று எழுதினால், வகுப்பின் முடிவில் அது நிறைவேறியதா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இப்படி ஒரு நோக்கம் தெளிவானால், எதை விட்டுவிடலாம் என்பதும் தெளிவாகும்.

ஐந்தாம் படி: படுக்கையருகில் கற்பித்தல்

தீவிர சிகிச்சை என்னும் துறையே மாணவர்களின் கைகளில் பிறந்தது என்பதை என் மாணவியருக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு. 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் தொண்டையில் துளையிட்டுக் கையால் காற்றைச் செலுத்தும் முறையைக் கையாண்டார். கருவிகள் போதாத அந்த மாதங்களில் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து நோயாளிகளின் அருகில் அமர்ந்து, பையை அழுத்தி அழுத்தி அவர்களைச் சுவாசிக்க வைத்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே முறையான தீவிர சிகிச்சைப் பிரிவு உருவாயிற்று. மாணவியர் இடைஞ்சல் என்று எண்ணும் பணியாளர்களிடமும் இதைச் சொல்லலாம்.

படுக்கையருகில் ஒரே சமயத்தில் இரண்டு மாணவியருக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே போகும் முன்பே, கதவுக்கு வெளியே, இன்று எதைப் பார்க்கப் போகிறோம் என்று பேசி முடித்துவிடுங்கள். நோயாளி மயக்க மருந்தில் இருந்தாலும் அவருடைய பெயரைச் சொல்லி, "ஐயா, நாங்கள் இப்போது உங்களைத் திருப்பிப் படுக்க வைக்கப் போகிறோம்" என்று அறிவியுங்கள். மாணவி இதைக் கேட்பதே ஒரு பாடம். நோயின் போக்கு, பிழைக்கும் வாய்ப்பு ஆகியவற்றை ஒருபோதும் தலைமாட்டில் நின்று விவாதிக்க வேண்டாம். மயக்கத்தில் இருப்பவர் கேட்க மாட்டார் என்ற நம்பிக்கை ஆபத்தானது.

பிறகு, உங்கள் எண்ணத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே வேலை செய்யுங்கள். தொடக்கத்தில் இது கூச்சமாக இருக்கும். "மானிட்டரில் சராசரி இரத்த அழுத்தம் 61-இலிருந்து 68-க்கு ஏறியிருக்கிறது. மருந்தை நான் மாற்றவில்லை. அப்படியானால் ஏன் ஏறியது? நோயாளியைப் பார்க்கிறேன்: கை இன்னும் குளிர்ந்தே இருக்கிறது, சிறுநீர் கூடவில்லை. இரத்த அழுத்தத்தை அளக்கும் உணரியான டிரான்ஸ்டியூசரைப் பார்க்கிறேன்: படுக்கையைச் சற்று முன் உயர்த்தினோம், கம்பத்தில் மாட்டிய டிரான்ஸ்டியூசர் பழைய இடத்திலேயே இருக்கிறது." நான்காவது விலா இடைவெளியும் அக்குளின் நடுக்கோடும் சந்திக்கும் இடத்துக்கு நேராக டிரான்ஸ்டியூசர் இருக்க வேண்டும், அது 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால் அளவீடு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் பாதரசம் கூடுதலாகக் காட்டும். 61, 68 ஆனதன் விளக்கம் இவ்வளவுதான். அந்த உயர்வை உண்மை என்று நம்பி இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தான நாரட்ரினலினைக் குறைத்திருந்தால் நோயாளி என்ன ஆகியிருப்பார் என்பதை மாணவியே சொல்லட்டும். எண்ணை நம்புவதற்கு முன் நோயாளியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதை இப்படி ஒரு முறை கண்ட மாணவிக்கு மீண்டும் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

மருந்துக் கணக்கையும் படுக்கையருகிலேயே, தாளும் பேனாவும் கொண்டு போடச் சொல்லுங்கள். 50 மில்லியில் 4 மில்லிகிராம் நாரட்ரினலின் என்றால் ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் நிமிடத்துக்கு 6, மணிக்கு 360; 80-ஆல் வகுத்தால் பம்பில் மணிக்கு 4.5 மில்லி. விடை வந்த பிறகு, "45 என்று அழுத்திவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேளுங்கள். கணக்கு தெரிந்த மாணவிகூட இந்தக் கேள்வியில் நின்றுவிடுவார். அவர் நிற்கும் அந்த இடமே நீங்கள் கற்பிக்க வேண்டிய இடம்.

எப்போது கையை நீட்டி வேலையை வாங்கிக்கொள்வது என்பது புதிய பயிற்றுநரை மிகவும் வாட்டும் கேள்வி. தாமதமாகச் செய்கிறார், அழகாகச் செய்யவில்லை என்பதற்காக ஒருபோதும் வாங்காதீர்கள். உங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நான் அப்படித்தான் பழகினேன். நோயாளிக்குத் தீங்கு நேரும் என்றால் மட்டும், ஒரு விநாடிகூடத் தயங்காமல் வாங்குங்கள். அதற்கான எல்லையை முன்னதாகவே மாணவியிடம் சொல்லி வையுங்கள்: "ஆக்சிஜன் செறிவு 90-க்குக் கீழே போனாலும், குழாய் நகர்ந்தாலும், 'நான் எடுத்துக்கொள்கிறேன்' என்பேன். நீ உடனே விலகிவிட வேண்டும். அது உன்னைத் திட்டுவதாகாது." முன்னரே பேசிவைத்த சொல்லாக இருந்தால் மாணவி அவமானப்பட மாட்டார், நோயாளியும் காப்பாற்றப்படுவார்.

ஆறாம் படி: பொம்மையில் பயிற்சி

விலையுயர்ந்த சிமுலேஷன் கூடம் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். ஒரு மார்பளவு பொம்மையும், கிராஷ் கார்ட்டும் (அவசர மருந்துகளும் கருவிகளும் வைத்த தள்ளுவண்டி), காலியான ஒரு படுக்கையும் போதும். பிற்பகல் ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் பத்து நிமிடம் இதய நிறுத்தப் பயிற்சி நடத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்துபவர் மாற்றம், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை 1 மில்லிகிராம் அட்ரினலின். இவை எல்லாருக்கும் மனப்பாடம்தான். யார் நேரம் பார்ப்பது, யார் எழுதுவது, சொன்ன மருந்தைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது யார் என்பவற்றில்தான் குழு தடுமாறும்.

பயிற்சியைக் காட்டிலும் அதற்குப் பிந்தைய உரையாடல் முக்கியமானது. பயிற்சிக்குப் பத்து நிமிடம் என்றால் உரையாடலுக்கு இருபது ஒதுக்குங்கள். முதலில் அவர்கள் எப்படி உணர்ந்தார்கள் என்று கேளுங்கள், பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள், அதன் பிறகே, "இரண்டாவது நிமிடத்தில் அழுத்தம் நின்றதைக் கண்டேன். அப்போது உங்கள் மனத்தில் என்ன ஓடியது?" என்பது போன்ற கேள்விக்கு வாருங்கள். தவறு என்று நாம் கருதியதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைத்தான் திருத்த வேண்டும்.

ஏழாம் படி: மதிப்பிடுதல்

1990-இல் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் திறனை நான்கு அடுக்குகளாகக் காட்டினார்: அறிகிறார், எப்படி என்று அறிகிறார், செய்து காட்டுகிறார், பணியில் செய்கிறார். எழுத்துத் தேர்வு முதல் இரண்டையே தொடுகிறது. மூன்றாவதற்கு, நிலையம் நிலையமாகச் சென்று செய்து காட்டும் தேர்வு முறை இருக்கிறது. 1975-இல் மருத்துவக் கல்வியாளர் ரொனால்டு ஹார்டன் ஸ்காட்லாந்தின் டண்டீயில் அறிமுகப்படுத்திய முறை அது. நான்காவதை அளக்க, மாணவி அறியாமலேயே அவரைக் கவனிக்க வேண்டும். நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கைகளில் கிருமிநாசினியை 20 முதல் 30 விநாடி தேய்க்கிறாரா, தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைத்திருக்கிறாரா என்று வாரம் ஒரு நாள் வந்து பாருங்கள். பார்த்ததை அன்றே, தனியாக, அவரிடம் சொல்லுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகச் சொல்வது கணக்கு முடிப்பதாக மட்டுமே இருக்கும்.

எட்டாம் படி: தவறும் மரணமும்

நான் புதிதாக வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், பம்பில் தசமப் புள்ளியைத் தவறவிட்டதைத் தானே வந்து சொன்ன செவிலியர் ஒருவர் அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளப்பட்டார். நோயாளிக்குத் தீங்கு நேரவில்லை. அதன் பிறகு நான் அங்கிருந்தவரை எவரும் எந்தத் தவறையும் சொல்லவில்லை. தவறுகள் நடக்காமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே மாணவி தவறைச் சொல்ல வந்தால், முதலில் நோயாளியைப் பாருங்கள். அடுத்து, "வந்து சொன்னதற்கு நன்றி" என்று சொல்லுங்கள். அறிக்கை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். எப்படி நேர்ந்தது என்ற விசாரணை அதற்குப் பிறகு வரட்டும்.

மாணவி தன் முதல் மரணத்தைச் சந்திக்கும் நாள் பாடத்திட்டத்தில் இருக்காது. அன்று அவரைத் தனியே விடாதீர்கள். உடலைத் தூய்மை செய்யும்போது நீங்களும் கூட நில்லுங்கள். குழாய்களை அகற்றுவதும், கண்களை மூடுவதும், தலையை வாரி உறவினர் பார்க்கும் நிலையில் வைப்பதும் செவிலியப் பணிதான் என்பதைச் செய்துகாட்டுங்கள். உறவினர் கதறும்போது என்ன சொல்வது என்று மாணவி கேட்பார். எதுவும் சொல்லாமல் அருகில் நிற்கலாம், ஒரு நாற்காலி கொண்டுவந்து போடலாம், தண்ணீர் கொடுக்கலாம். பிறகு தேநீர் குடிக்க அழைத்துப்போய், அவர் பேசினால் கேளுங்கள், அழுதால் அழவிடுங்கள்.

ஒன்பதாம் படி: கையை விட்டுவிடாதீர்கள்

கல்லூரியில் டியூட்டர் அல்லது கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டராகத் தொடங்கி, உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று உயரலாம். மருத்துவமனையிலோ பிரிவுப் பயிற்றுநராகத் தொடங்கிப் பயிற்சித் துறையின் பொறுப்பு வரை போகலாம். கல்லூரியில் பாடம் ஆழப்படும், ஆய்வுக்கு வாய்ப்பு உண்டு. மருத்துவமனையில் நீங்கள் கற்பித்தது மறுநாளே நோயாளியிடம் பலிக்கிறதா என்று பார்க்கலாம். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல இயலவில்லை. இரண்டையும் பிரிக்காமல் வைத்திருப்பதையே நான் விரும்புகிறேன். 1946-இலேயே செவிலியப் பட்டப்படிப்பைத் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், கல்லூரி ஆசிரியர்கள் வார்டுப் பணியிலும் பொறுப்பேற்கும் மரபு நெடுங்காலமாக இருந்து வருவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

உங்கள் நிறுவனத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லாவிட்டால், நீங்களே கேட்டுப் பெறுங்கள். இரண்டு ஆண்டு படுக்கையருகில் நிற்காமல் இருந்தால் பம்பின் திரை மாறியிருக்கும், வென்டிலேட்டரின் புதிய முறைகள் வந்திருக்கும், உங்கள் விரல்களுக்குத் தயக்கம் வந்திருக்கும்; மாணவியர் அதை உடனே கண்டுகொள்வார்கள். மாதத்தில் இரண்டு ஷிஃப்ட், அவற்றில் ஒன்று இரவுப் பணி, முழு நோயாளிப் பொறுப்புடன். இன்சார்ஜ் சிஸ்டரிடம் இந்த வாரமே பேசி, அடுத்த மாத டியூட்டிப் பட்டியலில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.